ஒரு வருஷ மேனேஜர்

“எந்த டீமா இருந்தாலும் எனக்கு ஒரு வருஷம் போதும்ங்க. கப்பு வந்துடும். ரெண்டாவது வருஷம் கேக்கறவன் மேனேஜரே கெடையாது.”

நைனார்பாளையம் கால்பந்துக் குழுவினர் முன்னால் நின்று கொளஞ்சியப்பன் இப்படி அறிவித்தார். தொழிலால் அவர் கரும்பு வெட்டு மேஸ்திரி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஆள் சேர்த்து, வயல் வயலாக வெட்டிக்கொண்டே போவார். கால்பந்து உபதொழில். விழுந்து கிடந்த மூன்று ஊர்க் குழுக்களைத் தூக்கி நிறுத்தியவர் என்று வரலாறு சொல்கிறது. வரலாற்றைச் சொன்னவரும் அவரே.

குழுவின் செயலாளர் நிர்மலா, விளையாட்டு ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக முதல் சுற்றிலேயே தோற்ற குழு அது. இந்த ஆண்டும் தோற்றால் கலைத்துவிடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. ஆகவே அவருக்கு அவசரமாக ஒரு மேனேஜர் தேவை. கொளஞ்சியப்பனை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற அவசியம் மட்டும் இல்லை.

கொளஞ்சியப்பன் நீட்டிய மூன்று வெற்றிப் புகைப்படங்களையும் நிர்மலா வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தார். சட்டை நிறம் மூன்றிலும் வேறு. முகங்களில் ஐந்து மட்டும் மூன்றிலும் அதே.

“இவங்கள்லாம் யாருங்க?”

“வெள்ளிமலைப் பக்கத்துப் பசங்க. நம்ம செட்டு.”

“மூணு ஊருக்கும் இவங்கதான் ஆடினாங்களா?”

“இன்னா டீச்சர், ஆளு இல்லாம கரும்பு வெட்ட முடியுமா?”

அடுத்த ஞாயிறு நிர்மலா வண்டியெடுத்துக்கொண்டு அந்த மூன்று ஊர்களுக்கும் போனார். முதல் ஊரில் கோல் கம்பத்தில் சுரைக்கொடி படர்ந்திருந்தது. இரண்டாவதில் கம்பமே இல்லை. மூன்றாவது ஊர் டீக்கடைக்காரர் கமலா விவரமாகவே சொன்னார்.

“அந்தாளு வந்தாரு, கப்பு வந்துச்சி. அந்தாளு அஞ்சு பேர இட்டுக்கினு போனாரு, டீமும் போயிடுச்சி. கப்புல எங்க வூட்டுக்காரரு வெத்தல போட்டு வெச்சிக்கினு இருக்காரு.”

திரும்பி வந்த நிர்மலா ஒரே நிபந்தனை போட்டார்.

“ஊர்ப் பசங்க மட்டுந்தான். ஆதார் பாப்பேன்.”

கொளஞ்சியப்பன் வானத்தைப் பார்த்தார். ஊரே கேட்கப் பேசிவிட்ட பிறகு வானம் என்ன செய்யும்? ஒப்புக்கொண்டார்.

பயிற்சி விடியற்காலை ஐந்து மணிக்கு. ராத்திரியோடு ராத்திரியாக மலையிலிருந்து யாராவது முளைத்துவிடுவார்களோ என்று நிர்மலா தினமும் தலைகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆட்டம்தான் சரியில்லை. வயலில் ஆளுக்கொரு சால் பிடித்து வெட்டிப் பழக்கிய மேஸ்திரி, இங்கேயும் பையன்களை ஒரே வரிசையில் முன்னேறச் சொன்னார். கோல்கீப்பரும் ஒரு சால் பிடித்துக்கொண்டு முன்னேறினான். அதைத் திருத்தவே ஒரு மாதம் ஆனது.

போட்டியில், யாருடைய முழங்காலிலோ பட்ட பந்து கோலுக்குள் போக, முதல் சுற்றில் ஜெயித்தார்கள். குழு பிழைத்தது. இரண்டாம் சுற்றில் எதிரணிக்கு ஆட வந்தவர்கள் சாட்சாத் அந்த ஐவர். ஆளுக்கொரு கோல் போட்டார்கள்.

அன்றோடு மேனேஜர் பஸ் ஏறியிருப்பார் என்று நிர்மலா முடிவுகட்டியிருந்தார். மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், கொளஞ்சியப்பன் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிர்மலா முதலில் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

“உங்க செட்டு எங்க?”

“வேற மேஸ்திரிகிட்ட போயிட்டாங்க.”

“அதனாலதான் நிக்கறீங்களா?”

கொளஞ்சியப்பன் மூலை வரைக்கும் கோட்டை இழுத்து முடித்தார். நிமிராமலே கேட்டார்.

“இன்னொரு வருஷம் குடுப்பீங்களா, டீச்சர்?”