அக்கா இறங்கி நடந்த தூரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவரோடு ஒரே ஜீப்பில் மலையேறிய பெண்களுக்கும் என் வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். எனவே இதை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

"நடந்ததை நடந்தபடியே எழுதலாமா மாமா?"

"எழுது பாப்பா. அவ இருக்கும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. தாள்லயும் இருக்கட்டும்" என்றார்.

அக்கா பிறந்தது ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் திராட்சைப் பந்தல்களில் கூலி வேலை செய்தார்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அவர்களோடு பந்தலுக்குப் போனார். பதினாறு வயதில் அப்பாவைவிட உயரமாகிவிட்டார். பந்தலின் கீழே நாள் முழுவதும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் கொத்து வெட்ட வேண்டியிருந்தது. "இந்தப் பிள்ளைக்காகப் பந்தலைத் தூக்கிக் கட்ட முடியுமா?" என்று தோட்டக்காரர் கேலி செய்தாராம். திருமணமாகிக் கம்பத்துக்குப் பக்கத்தில் குடிபோன பிறகு, ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போக ஆரம்பித்தார். ஏலக்காயைச் செடியின் அடியில் உட்கார்ந்துதான் பறிக்க வேண்டும்.

"பந்தல்ல குனியச் சொன்னாக. மலையில உக்காரச் சொன்னாக. நிமிந்து நிக்கிற வேலை ஒண்ண நீ படிச்சு வாங்குடி" என்று என்னிடம் சொல்வார். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த நாளில் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் அவர். நீதிமன்றத்தில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்று கேள்விப்பட்டபோது அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மாமாவுக்குச் சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. விடியும்போது கீழே பெண்களை ஏற்றிக்கொண்டு, மலைச் சாலையில் எல்லையைத் தாண்டி, கேரளத்துத் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். அக்கா அந்த ஜீப்பில்தான் போய்வந்தார். மேலே போனால் அவர் 'சேச்சி', கீழே வந்தால் 'ஆத்தா'. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

நான் மதுரையில் விடுதியில் தங்கி முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. வீட்டுப் படியில் தடுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். செய்தி கேட்டு ஓடிப்போன அப்பா, மகளைப் பார்த்துவிட்டு நேராக அந்தப் படியிடம் போனார். "எம்புள்ளையத் தள்ளிவிட்டது இதுதான?" என்று கேட்டு, கடப்பாரை வாங்கி அதை உடைத்துப் போட்டார். மறுநாள் தானே சிமெண்டு குழைத்து, அரைச்சாண் உயரத்தில் புதுப்படி கட்டினார். கடப்பாரையை எடுத்துக் கொடுத்தவர் மாமா.

வீட்டில் விழுந்ததற்கு யார் இழப்பீடு தருவார்கள்? ஒருவரும் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அக்கா ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். எழுந்தபோது ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. "இப்பப் பந்தலுக்குச் சரியா இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மலைக்குத்தான் போனார். அந்த விபத்துக்குப் பிறகு மாமா காலையில் ஜீப்பை இரண்டு நடையாக ஓட்டத் தொடங்கினார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் வழக்காடிய பின் எனக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. முதலாளி இன்னார் என்று காட்ட முடியாத கூலித் தொழிலாளர்களுக்கு விபத்திலும் பேறுகாலத்திலும் முதுமையிலும் பாதுகாப்புத் தருவதற்கான தேசியச் சட்டம் ஒன்றின் வரைவைச் சீர்செய்து கொடுக்கும் வழக்கறிஞர் குழு அது. அதில் மிக இளையவள் நான். ஒரு மாநிலத்தில் குடியிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய பகுதியை எங்கள் மூத்த வழக்கறிஞர் என்னிடம் ஒப்படைத்தார். "இது உன் ஊர் விஷயம், உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வாரம் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டுவேன். அது அவர் போட்ட நிபந்தனை. "எங்களுக்காக எழுதுறேங்கிற. எங்களுக்கே வாசிச்சுக் காட்டலேன்னா அது என்ன எழுத்து?" என்று கேட்டிருந்தார்.

ஒரு ஞாயிறு, நான் மிகவும் கவனமாக எழுதியிருந்த ஒரு பிரிவைச் சொன்னேன். வேலைக்கென்று ஏற்பாடு செய்த வாகனத்தில் தொழிலாளி ஏறியது முதல் இறங்கும் வரை நடக்கும் விபத்து, வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "எறங்கி நடந்தா?"

"தோட்டத்துல இறங்கிட்டா அப்புறம் வேலை நேரந்தானக்கா."

"தோட்டத்துல இல்லடி. நடுவுல."

"நடுவுல எதுக்கு இறங்கணும்?"

அங்கே குக்கர் கூவியது. அக்கா அதை இறக்கி வைத்துவிட்டு வந்து, "வக்கீலம்மாவுக்கு எங்க ரோடு தெரியாதுல்ல" என்றார்.

அப்போதுதான் சொன்னார். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தால் எல்லைச் சோதனைச்சாவடியில் பிடித்துவிடுவார்கள். அதனால் சாவடிக்கு முந்தைய வளைவில் பாதிப்பேரை இறக்கிவிடுவார்கள். அவர்கள் ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஏறி நடந்து, சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் மறுபடி ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். அந்தப் பாதைக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர்தான் 'எங்க ரோடு'. அக்கா விழுந்தது அங்கே. மழை நாள், பாசி பிடித்த பாறை. வீட்டுப் படி ஒரு தவறும் செய்யவில்லை. மாமா ஏன் இரண்டு நடை ஓட்டத் தொடங்கினார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்த இடத்தில் அவர் ஜீப்பிலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை. எந்த மாநிலத்து மண் என்றுகூட யாராலும் சொல்ல முடியாது. என் பிரிவில் அவர் எங்கேயுமே இல்லை. அவருடைய தங்கையாகிய நான் எழுதிய பிரிவு அது.

"ஏங்க்கா படின்னு சொன்ன?"

"அங்கனன்னு சொன்னா, யாரு எறங்கச் சொன்னான்னு அடுத்துக் கேப்பாகல்ல. ஒங்க மாமா லைசென்சு போயிருக்கும். பதினஞ்சு பொம்பளைக்கும் வண்டி நின்னிருக்கும்."

எனக்கு மாமாவின் மேல் கடுங்கோபம் வந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பிரிவைத் திருத்த வேண்டும் என்று குழுவில் சொன்னேன். மூத்த வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டார். "நியாயம்தான். ஆனால் இப்படி நடந்து போகிறார்கள் என்பதற்கு எங்கேயாவது பதிவு இருக்கிறதா? நாளை இதை ஒருவர் கேள்வி கேட்டால் நாம் எதைக் காட்டுவது? நான்கு பேராவது எழுத்தில் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் வரைவு போய்விடும்" என்றார்.

அக்காவிடம் கேட்டேன்.

"வேணாம்" என்றார். "அந்த மனுசன அசிங்கப்படுத்தித்தான் ஒரு சட்டம் வரணும்னா, அது எனக்கு வேணாம்."

"நாளைக்கு இன்னொருத்தி அங்கன விழுந்தா, அவளும் வீட்டுப் படின்னுதான் சொல்லணுமா?"

தொலைபேசியை வைத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் இடையே அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். நான் கேட்டது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் அவர் பத்தாண்டு காலம் வலியோடு காத்த மானம். மறுபக்கம் மற்ற ஜீப்புகளிலிருந்து இறங்கி அந்தப் பாதையில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் பெண்கள்.

மூன்றாம் நாள் மாமா அழைத்தார்.

"எம்மேல கோவமா இருப்பன்னு தெரியும் பாப்பா. ஒங்கக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. சொல்லிட்டு, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்னு அழுதா. நீ எழுதிக்க. எறங்கச் சொன்னது நாந்தான். டிரைவர் ஒருத்தர்னு போடாத. எம்பேரப் போட்டு எழுது."

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். ஞாயிறு காலை அக்கா வீட்டு முற்றத்தில் ஜீப்பில் போன பெண்கள் பத்துப்பேர் கூடினார்கள். பேரைக் கொடுத்தால் ஜீப்பை நிறுத்திவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். எங்கள் குழுவில் யாரும் அந்தப் பெயர்களை வெளியே சொல்ல மாட்டார்கள், எந்த ஜீப், எந்த வளைவு என்பதையும் எழுத மாட்டேன் என்று உறுதி சொன்னேன். அப்போது மாமா எழுந்து, எல்லோருக்கும் முன்னால் தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். இனிஷியல் கோணலாக விழுந்தது.

ஜீப்பில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் மதினி முதலில் பேசினார்.

"இத்தன வருசமா வாய்க்குப் பூட்டுப் போட்டு வச்சிருந்தோம். இப்பத் தொறன்னா சாவியத் தேட வேண்டியிருக்கு. அன்னைக்கு இவள சாக்குல வச்சுத் தூக்குனது நாங்கதான். இவ கனமா இல்ல, நீளம்! காலு ஒரு பக்கம் தொங்குது, தல ஒரு பக்கம் தொங்குது. இவ கத்தல. ஒங்க மாமாதான் கத்தி அழுதாக. ரோடு தெரியலன்னாக. அழுகைய நிறுத்திட்டு வண்டிய எடுங்கன்னு இவதான் அதட்டுனா."

"நான் அழுகல" என்றார் மாமா.

"ஆமா, மழைத்தண்ணி" என்றார் மதினி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மெதுவாக எழுந்து வாசலைப் பார்த்தார்.

"அப்ப என் படி?"

மருமகன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கடப்பாரைய நீங்கதான எடுத்துக் குடுத்தீக!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "மாமா, அன்னைக்கு என்னைய அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். நீங்க படிய அடிச்சீக. பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் மதினி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்பா கடைசியில், "நல்ல கல்லு. வீணாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று பத்துப் பெண்களும் எழுதித் தந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். குழு அதை ஏற்றுக்கொண்டது. 'வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது முதல் வீட்டு வாசலுக்குத் திரும்பும் வரை, வாகனத்திலோ நடந்தோ' என்று பிரிவு திருத்தப்பட்டு, மாதக் கடைசியில் வரைவோடு போனது. அது சட்டமாவது என் கையில் இல்லை. இன்றுவரை அது வரைவுதான். அந்தப் பிரிவை அக்காவிடம் படித்துக் காட்டியபோது, திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்த 'நடந்தோ' இருக்குல்ல, அது என்னுதுதான?"

"ஒன்னுதுதாங்க்கா."

"அப்பச் சரி" என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டே அவருக்கு நோய் வந்தது. புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர் கேட்டது, மகளின் பரீட்சை எப்போது முடிகிறது என்பதை மட்டும்தான். மகள் கடைசித் தேர்வை எழுதிவிட்டு வந்த பத்தாம் நாள் அக்கா கண்ணை மூடினார். மகள் இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறாள். அம்மாவைப் போலவே உயரம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தேனி மருத்துவமனையில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. அக்காவுக்காக வீரபாண்டிக் கோயிலில் நேர்ந்துகொண்டு, அவர் போன பின்னும் நேர்த்திக்கடனைச் செலுத்திய எங்கள் அம்மாவுக்கு நன்றி. மகளின் படிப்புக்குத் தோள் கொடுக்கும் சித்தப்பா குடும்பத்துக்கு நன்றி. அக்கா மறைந்த அன்று மலைக்குப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து மயானத்து முனைவரை கூடவே நடந்து வந்த ஜீப் பெண்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. தன் பெயரைப் போட்டு எழுதச் சொன்ன மாமாவுக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். நேரில் கேட்க வரவில்லை, இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவுக்கும் ஒரு நன்றி இருக்கிறது. கடைசி நான்கு மாதம் அக்காவால் காலை உயரத் தூக்கி வைக்க முடியவில்லை. மருத்துவமனைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த அரைச்சாண் படியில்தான் யார் துணையும் இல்லாமல் ஏறி இறங்கினார். பழைய உயரமான படி இருந்திருந்தால் தூக்கித்தான் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும், "எங்கப்பா எனக்குன்னு கட்டுனது" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

நினைவு நாளன்று வீட்டுக்கு வரும் நீங்கள் எல்லோரும் அந்தப் படியில் கால் வைத்துத்தான் வர வேண்டும். பதமாக ஏறி வாருங்கள்.