கரி அள்ளும் சத்தம்

திண்டுக்கல்லில் நான் ரேடியோ கடை வைத்திருந்தபோது, ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர் முழ நீளப் பொம்மை எஞ்சினோடு வந்தார். எதைத் தொடுமுன்னும் பையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொள்வார். தன் நீராவி எஞ்சினின் ஓசையைப் பதிந்த கேசட்டைக் கொடுத்து, “இது ஓடுறப்ப இந்தச் சத்தம் கேக்கணும் தம்பி,” என்றார்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போர்டும், சத்தத்துக்கு ஒரு சிப்பும் பொருத்தினேன். சிப்பில் இருபது விநாடிதான் பிடிக்கும். கரகரப்பை வெட்டி விசிலை மட்டும் ஏற்றினேன். நல்லது செய்வதாக நினைத்து, பழையதை அழித்துவிட்டுக் கேசட்டிலும் அதையே பதிந்தேன்.

எஞ்சின் மேசைமேல் ஊதிக்கொண்டே ஓடியது. அவர் குனிந்து கேட்டார்.

“விசில் அருமை. முன்னாடி கரி அள்ளுற சத்தம் இருந்துச்சே? என் ஃபயர்மேன் அள்ளுறது அது. அவன் இப்ப இல்ல.”

“இரைச்சல்னு நெனச்சுட்டேங்கய்யா.”

“அதுக்கென்ன, கேசட்ல இருக்குல்ல,” என்று கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

நான் தலையாட்டினேன்.