சாயாக்கடைச் சுவரில் ஒரு வருஷத்துப் பறவைகள்

பாறசாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ரோட்டில், காரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சாயாக்கடை நடத்தினோம். அவர் சாயா ஆற்றுவார். நான் தோசையும் ரசவடையும் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. வடை பொதியும் பழைய காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தமிழும் மலையாளமும் கைக்கு வந்தன. அதனால் கடையில் எதை எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உள்சுவரில் ஒரு வருஷம் முழுக்கப் பறவைகளின் பெயரை அடுப்புக்கரியால் எழுதியதும் நான்தான்.

அதற்குக் காரணமான மனிதர் எங்கள் கடைக்குப் பின்னால் குடியிருந்தார். அவருடைய அப்பா வேறொருவரின் தென்னந்தோப்பில் குடிசை போட்டுக்கொண்டு, இறங்கு என்றால் இறங்க வேண்டிய நிலையில் காலம் கழித்தவர். நிலச்சட்டம் வந்த பிறகு குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் அவர்கள் பெயரில் பட்டயம் ஆனது. அளந்து கல் நட்ட அன்று சாயங்காலமே இந்த மகனுடைய மனைவி கல்லை ஒட்டி மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பு ஊன்றிவிட்டாள். நாளைக்கு ஊன்றினால் ஆகாதா என்று நான் கேட்டேன். நாளைக்குச் சட்டத்தை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்றாள். அப்படிக் கிடைத்த மண்ணில் பாதியை விற்று, அவள் கழுத்துச் சங்கிலியையும் விற்று, அவர் பேர்ஷ்யாவுக்குப் புறப்பட்டார். துபாயோ மஸ்கட்டோ, அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே பேர்ஷ்யாதான்.

ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நின்று, போயிட்டு வாறேன் என்று சொல்லிக்கொண்டு போனார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். துடைத்த கையோடு ஒருத்தி குடை கேட்டாள், இன்னொருத்தி டார்ச் லைட் கேட்டாள். என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு வாட்ச் கேட்டார்.

மழைக்கு முன்னால் போனவர் ஓணம் கழிந்து திரும்பி வந்தார். கொண்டுபோன அதே தகரப்பெட்டி. பேர்ஷ்யா போய் வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அத்தர் மணக்கும். இவர் மேல் ரயில் புகை மணத்தது. பம்பாயைத் தாண்டவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. விசாவில் ஒரு சின்னத் தடங்கல், அடுத்த மாதம் கூப்பிடுவார்கள் என்று அவராக ஒரு தடவை சொன்னார். அதோடு ஆள் கண்ணில் படுவது நின்றது. விடியுமுன் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிடுவார், இருட்டிய பிறகு வருவார்.

அவருடைய மனைவி ஒருநாள் துணி துவைக்கும் கடவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த துணியைத் துவைக்கவே இல்லை.

"அக்கா, ராத்திரி அவரு வந்து கஞ்சி குடிச்ச பெறவுதான் எனக்கு உயிரு வருது. ஆராவது 'எப்பலே போற'ன்னு ஒரு கேள்வி கேட்டா மதி, மனுசன் பின்ன வரமாட்டாராக்கும். ஒண்ணும் கேக்காம இருக்கச் சொல்லுங்க."

வீட்டில் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாயாக்கடையில் கேள்வி கேட்காதே என்று யாரிடம் சொல்ல முடியும் என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அந்த வாரமே அந்தக் கேள்விக்கு வேளை வந்தது. கடை நிறைய ஆள். நல்ல மழை. ஒதுங்க இடம் தேடி அவர் உள்ளே ஏறிவிட்டார், முழங்கால் வரை சேறு.  பெஞ்சில் இருந்த ஒருவர் வாயைத் திறந்தார். அவர் கேட்குமுன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, இந்தச் சேற்றோடு எங்கே போய் வருகிறாய் என்றார். ஆறு கடலில் சேரும் பொழிக்கரையில் சும்மா பறவை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். காக்கையும் கோழியும் தவிர வேறொன்றும் அறியாத என் வீட்டுக்காரர், ரொம்ப அக்கறையாக, என்ன பறவை என்று கேட்டார்.

நீர்க்காகம் என்றார். முங்கி மீன் பிடித்து எழுந்து, தண்ணீரில் நட்ட குற்றியில் ஏறி, சட்டை காயப்போடுவதுபோல இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். தண்ணீரில் பிழைக்கிற பறவைக்குச் சிறகு நனையும் என்று அன்றுதான் நாங்கள் கேள்விப்பட்டோம். கடவுள் அதற்கு மழைக்கோட்டு கொடுக்க மறந்துவிட்டார் என்றார், முதலில் வாயைத் திறந்தவர். கடை சிரித்தது. பறவை பார்த்துவிட்டு வந்தவரும் லேசாகச் சிரித்தார். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த என் கையில் ஒரு கரித்துண்டு இருந்தது. 'பொழிக்கரை, நீர்க்காகம்' என்று சுவரில் எழுதினேன்.

யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் அன்றுமுதல் அவரைக் கண்டால் 'எப்ப போற' என்று நாக்கு நுனிவரை வருவதை விழுங்கிவிட்டு, 'இன்னைக்கு என்ன கண்டே' என்று கேட்பது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. கேட்பதோடு நிற்கவில்லை, சொல்லவும் தொடங்கினார்கள். தாங்கள் பறவை பார்க்கிறவர்கள் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் கிழவி கூடையை இறக்குமுன் செய்தியை இறக்குவாள். பூவாறு பஸ்ஸின் கண்டக்டர் தன் மாமியார் வீட்டுக்கு ஒற்றசேகரமங்கலம் போய்விட்டு வந்து, அங்கே மலையடிவாரத்தில் தலைக்குமேல் இன்னொரு தலை வைத்ததுபோல ஒரு பறவை பறந்தது என்றார். அது வேழாம்பல், நம் தமிழில் இருவாச்சி என்று இவர் சொன்னதும், டிக்கெட் கிழிக்காமல் நின்று அந்தப் பெயரை இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தார்.

துலாம் மாதம், நம் கணக்கில் ஐப்பசி, பொழியில் கடற்காகங்கள் வந்து இறங்கின. தேங்காய்த் தொண்டு அழுகப்போட்ட குழிகளின் ஓரத்தில் உள்ளான்கள், பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓடின. தை மாதம் மாங்குயில். மீனம் மாதம், அதாவது பங்குனியில், ஆள்காட்டி வெறும் தரையில், சரல்கல்லோடு கல்லாக முட்டையிட்டிருந்தது. அதை மிதிக்காமலிருக்க ஏலா வயலில் வரப்பு வெட்டுகிறவர்கள் நாலு பக்கமும் குச்சி நட்டுவிட்டு வந்து எங்களிடம் சொன்னார்கள். அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிச்சம் வந்தது. இருட்டியபிறகு வந்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரத் தொடங்கினார்.

ஒரு தடவைதான் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. பங்குனியில் கடற்காகங்கள் காணாமல் போயின. வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் சாயா குடித்துக்கொண்டு சுவரைப் படித்தார். இதுகளுக்கு என்ன, விசாவா பாஸ்போர்ட்டா, நினைத்தால் போகலாம் என்று சிரித்தார். எங்களில் ஒவ்வொருவருக்கும் அந்த வேடிக்கை எத்தனையோ தடவை தோன்றியிருந்தது; ஒருவர்கூடச் சொன்னதில்லை.  உடனே ஒரே நேரத்தில் எல்லாரும் சாயா கேட்டார்கள், குடித்து முடித்தவர்களும்கூட. டிரைவர் தன்மேல் என்ன தப்பு என்று புரியாமல் போனார், பாவம். சுவரோரத்தில் இருந்து அதைக் கேட்ட இவர் மூன்று நாள் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கொத்தனார் ஒருவர் தாமரைக்குளத்தில் கூழைக்கடா கண்டதாகச் சொல்லியனுப்பினார். எங்கள் ஊரில் கூழைக்கடாவை யாரும் கண்டதில்லை. கேட்டதும் இவர் எழுந்து போய், வெயிலில் பகல் முழுக்கக் குளத்தங்கரையில் காத்திருந்துவிட்டு, பறந்து போயிருக்கும் என்று திரும்பி வந்தார். எழுதவா வேண்டாமா என்று கேட்டேன். எழுதுங்க அக்கா, கொத்தன் பொய் சொல்லமாட்டான் என்றார்.

கர்க்கடக மாதத்து ஆடிக்காற்றில் கடல் ஒரு பறவையைக் கரையில் வீசியது. கறுப்பு, நீண்ட சிறகு, பெயர் யாருக்கும் தெரியாது. மீன்காரக் கிழவி அதைக் கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, மழையோடு நடந்து கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இது உனக்குள்ளது என்றாள். அன்று மீன் விற்கவே போகவில்லை. அவர் சாளை மீனை நறுக்கி ஊட்டினார். காற்று அடங்கியதும் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். அவருடைய மனைவியும் கூடப் போனாள். இரண்டு பேரும் பகலில் சேர்ந்து ரோட்டில் நடந்து போனதை, அவர் திரும்பி வந்த பிறகு, அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஓணமும் கழிந்தது. ஒரு சாயங்காலம் அந்தக் கொத்தனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் சாயா சொன்னார். பேர்ஷ்யா போகிறார். அவருக்கும் பத்து சென்ட் பட்டயம் உண்டு. அதை முழுதாக விலைக்குக் கொடுக்கிறார். மறுநாள் நெய்யாற்றின்கரையில் பத்திரம். சுவரோரத்தில் இவரும் இருந்ததால் கொத்தனார் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆள் அனுப்பும் தரகர் ஒருவர் கொடுத்த விலாசத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டி, பம்பாயில் ஏஜெண்டு நம் பக்கத்துக்காரர்தான், தமிழும் மலையாளமும் பேசுவார், நல்ல மனிதர் என்றார்.

இவர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டாம் மாடியா? கீழ தையல்கடை உண்டுமா?"

உண்டு என்று தரகர் சொன்னதாகக் கொத்தனார் சொன்னார்.

  ஒரு வருஷமாக யாரும் ஒன்றும் கேட்காததால், அந்த ஏஜெண்டு யார், எங்கே இருக்கிறான், என்ன செய்தான் என்பது இவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் கொத்தனாரின் மண் தப்பும். ஆனால் சொல்ல வேண்டுமானால், அடுத்த மாதம் கூப்பிடுவார்கள் என்றது பொய் என்பதையும் இத்தனை பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். இவர் எழுந்து கொத்தனாருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். 

"போன ஒடனே பாஸ்போர்ட்ட வாங்கி அலமாரியில வெச்சுப் பூட்டுவான். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவான். பின்ன ஒரு நாளு போனா, அந்த மாடி முறியில வேற ஆளு இருப்பான், கேட்டா ஒண்ணும் தெரியாதும்பான்." கொத்தனாரை நேராகப் பார்த்தார். "நான் பம்பாயத் தாண்டி அங்கோட்டு போவல்ல தம்பி. விசா வரும்னு எல்லார்ட்டயும் சொன்னது பொய்யாக்கும். நீ மண்ணக் குடுக்காத."

 மீன்காரக் கிழவிதான் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு சொன்னாள்:

"அது எங்களுக்கு அறியாதா மக்கா? பின்ன என்னத்துக்கு நாங்க ஒரு வருசமாட்டு கொக்கு எண்ணிட்டுத் திரிஞ்சோம்?"

அவர் அவளைப் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு திரும்பி, தரையிலிருந்து கூரைவரை எழுதிக் கிடந்த சுவரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அந்தக் கூழைக்கடா?"

கொத்தனார் தலையைக் குனிந்தார். "அது நான் சும்மா சொன்னதாக்கும் அண்ணே. நீங்க மூணு நாளாட்டு வெளிய காணல்ல இல்லியா."

"எலே, பகல் பூரா வெயிலு கொண்டேனே" என்றார் இவர். அப்போதுதான் கடை மூச்சுவிட்டது. சிரித்தவர்களும் உண்டு, மூக்கைச் சிந்தியவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஒரு மனிதனின் மனம் நோகக்கூடாது என்று நாம் வாயை மூடியிருந்தோம், அந்த வாயடைப்பு இன்னொருவனுடைய மண்ணைக் கொண்டுபோகப் பார்த்தது என்று அன்று ராத்திரி என்னிடம் சொன்னார். எனக்கும் அது உண்மை என்றுதான் பட்டது. ஆனாலும் முந்தின வருஷம் அந்த மழையில் நாங்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் தோன்றியது.

மறுநாள் கொத்தனார் நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டியிருந்தது, பத்திரத்துக்கு அல்ல, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க. கூட இவரும் போவதாக இருந்தது. காலையில் கடை நிறைந்திருந்தபோது, நல்ல வெளிச்சத்தில், இவர் வந்து ரோட்டைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ ஒருவர், இனி கேட்கலாம் அல்லவா என்ற தயக்கத்தோடு, பம்பாயில் உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டார். அவர் சொல்லத் தொடங்கினார். பஸ் வந்து நின்றது, இரண்டு தடவை மணி அடித்தது, யாரும் எழவில்லை. ஆட்களை விரட்டி ஏற்ற கண்டக்டர் கோபமாக இறங்கி வந்தார். வாசலில் நின்று கொஞ்சம் கேட்டார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்காரு என்று கொத்தனாரிடம் சொல்லி, அவரும் உட்கார்ந்தார்.