நான்கு மெயில்களும் என் பயமும்

அன்று சென்னீர்குப்பம் கடையில் இருந்தது மூன்றே பேர்: தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்யும் முதலாளி, கணக்குப் பார்க்கும் அவர் மனைவி, அவர்களுக்கு விளம்பர மெயில் அனுப்பித் தரும் நான்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். இந்த வித்தையை வீடியோ பார்த்துத்தான் கற்றேன். தலைப்பில் கேள்வியா, நினைவூட்டலா? உள்ளே தள்ளுபடியா, இலவச சோதனையா? கலந்து வைத்தால் நான்கு மெயில்கள். பட்டியலில் உள்ள ஆயிரத்தைந்நூறு வாடிக்கையாளர்களில் முதலில் நானூறு பேரை நான்காகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அதிக பதில் வாங்குவதை மற்றவர்களுக்கும் அனுப்பலாம். கூலி எட்டாயிரம், முடிவு சொன்னதும் கைக்கு வரும்.

அப்படி அனுப்பியதில், எனக்குப் பிடித்த கேள்வி-இலவச சோதனை மெயில் அமோகமாக ஜெயித்திருந்தது.

"சூப்பரு நைனா! அல்லாருக்கும் இதையே தட்டு. இந்தா, துட்டு எட்துக்கோ" என்று முதலாளி கவரை நீட்டினார்.

நான் கவரை வாங்கவில்லை. மட்டமான மெயில் போய் நல்ல வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து, வருடம் தவறாமல் சர்வீஸ் போடும் வேலப்பன்சாவடி ஃபிளாட்காரர்களை எல்லாம் அந்த மெயில் பக்கமே தள்ளியிருந்தேன். அவர்கள் வெற்று மெயிலுக்கும் பதில் போடுகிறவர்கள்.

சொல்லிவிட்டேன். கவர் டிராயருக்குள் போய்விட்டது.

"இன்னாபா நீ? பரீட்சையும் வெச்சுட்டு, பிட்டும் நீயே குட்துகீறே!"

"ஒம்போதாவதோட வுட்டது நல்லதாப் போச்சு" என்றார் மனைவி. மாதச் சீட்டு நடத்துகிறவர் அவர். இன்னும் மெயில் போகாதவர்களில் நானூறு பேரின் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெரிய குண்டானில் போட்டுக் குலுக்கினார். கம்ப்யூட்டரே நொடியில் பிரித்துவிடும் என்றேன்.

"அது உன் ஆளு. நீ கைய வெக்காதே, தள்ளிக் குந்து."

குலுக்கி எடுத்ததை நான்கு குவியலாக்கி அனுப்பினோம். ஒரு வாரம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கேள்வித் தலைப்பு எதோடு சேர்ந்தாலும் படுத்துவிட்டது. தள்ளுபடி எதோடு சேர்ந்தாலும் எழுந்து நின்றது. கரண்ட் பில் நோட்டீஸ் போல இருக்கிறது என்று நான் முகம் சுளித்த நினைவூட்டல்-தள்ளுபடி மெயில்தான் முதலிடம். என் செல்லம் கடைசி.

முதலாளிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஆறாயிரம் மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

"ஒரு தபா நம்பி ஏமாறப் பார்த்தேன். மிச்சப் பேருக்கும் போவட்டும், பதிலு வரட்டும், அப்பால தரேன்."

எல்லோருக்கும் போய்விட்டது. பதிலும் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு வர வேண்டியது இன்னும் இரண்டாயிரம் ரூபாய்.