நடுக்குளத்தில் நிரப்பிய போத்தல்

மதிப்புக்குரிய ஆவணக் காப்பகத்து ஐயா, அம்மா,

இடப்பெயர்வுக் காலத்தில், முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள எங்கள் ஊர்க் குளத்து நீரைப் பரிசோதிக்கும் தொண்டர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். மருந்திட்டுத் தரப்பட்ட சிறு போத்தலில் நீரை நிரப்பி வைக்க வேண்டும்; அது கறுத்தால் நீரில் கிருமி உண்டு, காய்ச்சாமல் குடிக்கலாகாது.

நாயாற்றிலிருந்து வந்து குளக்கட்டில் தங்கியிருந்தோர், குளித்த துறையிலேயே குடிநீரும் அள்ளினர். அவர்கள் கலக்கிய நீரால் எங்கள் குளத்துக்குக் கெட்ட பெயர் வரலாகாதென எண்ணி, நான் நீந்திச் சென்று நடுக்குளத்தில் போத்தலை நிரப்பினேன். அது கறுக்கவில்லை.

அங்கு தங்கியிருந்த திரேசம்மா என்னிடம் கேட்டார்: "காய்ச்சத்தான் வேணுமோ, ஐயா? சோறாக்கவே விறகில்லை."

"தேவையில்லை, பிள்ளை. போத்தல் கறுக்கேல்லை."

எட்டாம் நாள் அவருடைய மூன்று வயது மகள் வயிற்றோட்டத்தால் இறந்தாள். அடக்கம் முடிந்தபின் அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை.

"நாங்கள் கரையில நிண்டெல்லோ அள்ளுறனாங்கள், ஐயா. நடுக்குளத்துத் தண்ணியை ஆர் குடிச்சது?"

அவர் அதை எவரிடமும் சொல்லவில்லை. அவ்வாண்டே ஊரார் என்னைச் சிறந்த தொண்டரென்று கூறிச் சால்வை போர்த்தினர். நான் மறுக்காமல் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

அதை ஊருக்குச் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆகையால், இவ்வெழுத்தை எறிந்துவிடாமல் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.