'தத்தா'வுக்கு மூன்று சொந்தக்காரர்கள்

அந்தத் தெருவில் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். வேலை சலவைக்கூடத்தில். ஓட்டல் விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் துவைக்கிற பெரிய மிஷின்கள் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருக்கும் இடம் அது. பக்கத்தில் நிற்பவளிடம் கத்தரிக்கோல் கேட்பதென்றாலும் ஊரைக் கூட்டுகிற மாதிரிதான் கேட்க வேண்டும். அந்தத் தொண்டையைச் சாயங்காலம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர முடியுமா? வீட்டிலும் அதே குரல்தான். அவள் சும்மா பேசினால் வேடிக்கை பார்க்க எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். நிஜமாகவே சண்டை போட்டால் அவசரமாக மூடிக்கொள்ளும்.

அந்த வருஷம் ஜன்னல் பெரும்பாலும் மூடியே இருந்தது. காரணம், 'தத்தா'.

அவளுடைய மகள் எதையும் காலத்தில் செய்த குழந்தைதான். கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்துபோய் கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பைச் சப்பியது, சுவரைப் பிடித்து நின்றது, பிறகு சுவரே வேண்டாமென்று நடந்தது. ஒவ்வொன்றுக்கும் வீடே கை தட்டியது. நடந்த கையோடு வாயைத் திறந்து "தத்தா" என்றது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"தாத்தான்னு கூப்பிட்டா" என்றார் மாமனார். லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஏறியவர்கள் அவரிடம் மாடி எண்ணைத்தான் சொன்னார்களே தவிர, அவரை ஒரு பேர் சொல்லி அழைத்ததில்லை.

"இல்லப்பா, அத்தைன்னுதான் சொன்னா. முன்னாடி ஒரு 'த' வழுக்கி விழுந்துடுச்சு" என்றாள் நாத்தனார். வீட்டில் தையல் போட்டுக்கொண்டே பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. தா, தான்னு என் வேன் சாவியக் கேக்குறா" என்றான் கணவன்.

இப்படி ஒரு சொல்லுக்கு மூன்று பேர் பங்கு கேட்டார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது பிறந்தநாள் நெருங்கியும் குழந்தை அந்த ஒன்றையே வைத்துக்கொண்டிருந்தது. டம்ளரும் தத்தா, பூனையும் தத்தா, விளக்கும் தத்தா.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா" என்று ஸ்பீக்கர் சொல்லிப் பார்த்தாள்.

"எங்கிட்டத் திரும்புறாளே" என்றாள் நாத்தனார். அவள் எப்போதும் குழந்தைக்கு நேர் எதிரே வந்து கையை ஆட்டித்தான் கூப்பிடுவாள். அது யாருக்கும் உறைக்கவில்லை. "அம்மான்னு சொல்லலன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல், அண்ணி."

ஸ்பீக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பாதி உண்மையாகவும் இருந்ததால் இன்னும் கூடுதலாகவே வந்தது.

ஒருநாள் நாத்தனாருக்குக் காய்ச்சல். ஸ்பீக்கர் குழந்தையைச் சலவைக்கூடத்துக்குத் தூக்கிப்போனாள். துண்டுக் கூடையில் மிஷின்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தை நூல் பிரித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் உலர்த்துகிற மிஷினின் இரும்புக் கதவு கழன்று தரையில் விழுந்தது. கூட வேலை செய்கிற அக்கா கையிலிருந்த விரிப்பை நழுவவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அடுத்த நூலை இழுத்தது.

"உன் பொண்ணுக்கு என்ன நெஞ்சழுத்தம்டி" என்று அக்கா சிரித்தாள்.

ஸ்பீக்கர் சிரிக்கவில்லை.

அன்று வீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்து, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு சில்வர் தட்டை ஓங்கிப் போட்டாள். பெரியவர்கள் மூவரும் துள்ளினார்கள். குழந்தை அசையவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பாழாய்ப்போன தட்டு உருண்டு உருண்டு குழந்தையின் எதிரே வந்து படுத்தது. குழந்தை கைகொட்டிச் சிரித்து, "தத்தா" என்றது.

"பாத்தீங்களா, பயத்துல என்னைத்தான் கூப்பிடுது" என்றாள் நாத்தனார்.

எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"காது கேக்காத புள்ளைய நடுவுல உக்கார வச்சிக்கிட்டு யாருக்குப் பட்டம் கட்டுறதுன்னு அடிச்சிக்கிறீங்க. நாளைக்கு எல்லாரும் கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு. வரலன்னா நான் போறேன், திரும்பி வரமாட்டேன்."

போனார்கள். மெத்தை அடித்த சுவர்களோடு ஒரு சின்ன அறை. காது பரிசோதிக்கிற அம்மா ஏதோ குமிழைத் திருக, இடப்பக்கம் கீச்சென்றது, வலப்பக்கம் கொட்டு முழங்கியது. ஒவ்வொன்றுக்கும் மாமனார் ஒழுங்காகத் தலையைத் திருப்பினார். ஸ்பீக்கரின் மடியில் இருந்த குழந்தை அவள் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு சில சோதனைகளும் முடிந்தன.

"ரெண்டு காதும் ரொம்பக் கம்மியா கேக்குது. மிஷின் வச்சா கேக்கும், பேச்சுப் பயிற்சியும் வேணும். ஆறேழு மாசத்துலயே சத்தம் வர்ற பக்கம் திரும்பியிருக்கணுமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சேன்" என்றாள் ஸ்பீக்கர். "வயித்தெரிச்சல்னு பேர் வச்சாங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாமனார் கழற்றிய செருப்பை மாட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ அவ யாரையும் கூப்பிடலையாம்மா?"

ஸ்பீக்கர் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்கலாம். அவளுக்கு அப்போது அது கைவசம் இல்லை.

"கூப்பிடல மாமா. உங்களையும் இல்ல, இவளையும் இல்ல. என்னையும்தான் இல்ல."

நாத்தனார் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழட்டும் என்று ஸ்பீக்கர் விட்டாள். வீணாய்ப்போன மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

காதுக்கு மிஷின் மாட்டிய நாளில் குழந்தை முதலில் அதைப் பிடுங்கி எறிந்தது. மறுபடி மாட்டினார்கள், அழுதது, பிறகு அயர்ந்து நாத்தனாரின் தோளில் சாய்ந்துகொண்டது. ஆஸ்பத்திரி நடையில் முன்னே நாத்தனார், பின்னே ஸ்பீக்கரும் கணவனும். கணவன் குரலைத் தாழ்த்தினான்.

"தெருவுல பாக்குறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. ஒரு குல்லா போட்டு மூடிடலாமா?"

அவள் அங்கேயே நின்றாள். "எவன் நினைப்பான்? எவன் வந்து உன் புள்ளைக்குப் பேச்சு சொல்லிக் குடுக்கப்போறான்? மூடணும்னா உன் வாய மூடு. ரெண்டு வருஷமா நல்லா மூடித்தானே வச்சிருந்த, கேக்க வேண்டிய இடத்துல."

நடையின் கோடிவரை போனது குரல். ஊசி போடுகிற அறையிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது.

நாத்தனாரின் தோளில், எதிர்ப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்த குழந்தையின் தலை எழுந்தது. மெல்லத் திரும்பியது. எங்கே, எங்கே என்று தேடிய பார்வை அம்மாவின் வாயில் வந்து நின்றது.

அவளுக்குப் பேச்சு நின்றது. நின்றதும் குழந்தையின் பார்வை நழுவிச் சுவருக்குப் போனது.

"என்ன முழிக்கிற?" என்று சட்டெனக் கணவனைப் பிடித்துக்கொண்டாள். பார்வை ஓடிவந்தது. "வேன் ஓட்டத் தெரியுது, இது தெரியல?" அவனிடம் சொல்ல இருந்த வசவெல்லாம் அத்தோடு தீர்ந்துபோனது. நிறுத்தினால் குழந்தை திரும்பிவிடும் என்ற பயத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெஞ்சைத் திட்டினாள், கிரீச்சிடுகிற கதவைத் திட்டினாள், ஒரு பாவமும் அறியாமல் மூலையில் நின்ற குப்பைத் தொட்டியைத் திட்டினாள்.