சம்பந்தி சொன்ன ‘நே’

கிரேக்கர்கள் எதைக் கொடுத்தாலும் முதலில் மறுப்பார்கள், விடாமல் வற்புறுத்தினால் ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பியிருந்தேன். இந்த ஞானம் எனக்கு ஒரு கோப்பிக் கோப்பையிலிருந்து கிடைத்தது. கடலோரக் கடையொன்றின் மேசையில், என் மகள் விரும்பியிருந்த பையனின் தகப்பன் முன்னால் அந்தச் சின்னக் கோப்பை வெறுமையாக இருந்தது. விரலை உயர்த்தி, இன்னொன்று வேண்டுமா என்று சைகையால் கேட்டேன். மனுசன் புன்னகைத்தபடி, தலையை ஒருபக்கம் மெல்லச் சாய்த்து, “நே” என்றார்.

நான் ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன். எங்கள் நகரத்துப் பழைய ஆட்கள், இல்லை என்று பொருள்படும் ‘நைன்’ என்ற சொல்லைச் சுருக்கி ‘நே’ என்பார்கள். இந்த பஸ் ஸ்டேஷனுக்குப் போகுமா என்று யாராவது கேட்டால், போகாத நாட்களில் நானும் திரும்பிப் பாராமல் ‘நே’ என்று சொல்லிப் பழகியவன். ஆகவே எனக்கு அந்தச் சொல்லில் சந்தேகமே வரவில்லை. வேண்டாம் என்கிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனுக்கு வேண்டாம் என்ற சொல் எப்போது வேண்டாம் என்று பொருள்பட்டிருக்கிறது? வீட்டுக்கு வருகிறவரிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் “ஐயோ, இப்பதான் குடிச்சிட்டு வாறம்” என்பார். அதை நம்பி அடுப்படிக்குப் போகாமல் இருக்கிறவனைப் பற்றி ஊர் முழுக்கக் கதைக்கும். நாலுதரம் கேட்கவேண்டும், கையைப் பிடித்து இருத்தவேண்டும், கடைசியில் அவர் சலித்துக்கொள்வதுபோல் வாங்கிக் குடிக்கவேண்டும். கிரேக்கத்திலும் இதே ஒழுங்குதான் என்று கண்டதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. உலகம் எங்கும் மனிதர்கள் ஒன்றுதான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒக்டோபர் விடுமுறையில்தான் நாங்கள் முதன்முறையாக அவர்களுடைய ஊருக்குப் போயிருந்தோம். அவர் அப்போது இன்னும் என் சம்பந்தி ஆகவில்லை, ஆனாலும் எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. அவரும் சாரதி. உல்லாசப் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, காலையில் ஒரு கடற்கரைக்குக் கொண்டுபோய், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவருடைய வாழ்நாள் தொழிலாக இருந்திருக்கிறது. ஓய்வெடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு காலையும் எங்களைத் தன் பழைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஒரு நாள் கூழாங்கல் கரை, ஒரு நாள் கறுத்த மணல், ஒரு நாள் ஆடுகள் வந்து துவாயைத் தின்கிற சின்னக் குடா. நான் முன்னிருக்கையில். மலைவளைவுகளில் அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி மறு கையால் கடலைக் காட்டுவார். நான் என் பக்கத்தில் இல்லாத பிறேக்கை மிதிப்பேன். அதைக் கண்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பிலிருந்துதான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. மொழி ஒன்றும் தேவைப்படவில்லை. அவருக்கு ஜெர்மன் தெரியாது, எனக்குக் கிரேக்கம் தெரியாது, ஆனால் கியர்ப்பெட்டி முனகினால் இருவர் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கும்.

கோப்பி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ‘நே’ என்பார், நான் வற்புறுத்துவேன், வந்ததும் குடித்துவிடுவார், நான் மறுபடி கேட்பேன். ஒருமுறை அவர் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து, புருவத்தை உயர்த்தி “ஓஹி, ஓஹி” என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஓஹி! ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓமுக்குத் தூரத்து உறவாகத்தானே இருக்கவேண்டும்? கையை அன்பாக விலக்கிவிட்டு இன்னொன்று எடுப்பித்தேன். அந்த வாரம் முழுக்க அந்த மனிதர் நித்திரை கொள்ளாமல் வளவுக்குள் நடந்து திரிந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

திரும்பி வந்ததும் மகள் என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தன் கல்யாணத்தைத் தானே தீர்மானிக்கத் தெரிந்தவள். ஆனாலும் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. பையனின் மூத்த தமையன் தூரதேசத்தில் ஒருத்தியைக் கட்டி, அது முறிந்து, வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அதிலிருந்து தகப்பன் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சென்றால் எழுந்து வெளியே போய்விடுவாராம். “அப்பா, அவற்ற அப்பா மனசோட ஓம் எண்டு சொல்லாட்டி நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டன். இன்னொரு பிள்ளையைப் பிரிச்சவள் எண்டு எனக்குப் பேர் வேண்டாம்” என்றாள். பையன், அதெல்லாம் தேவையில்லை, அப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்றான். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதானே பிரச்சினை! நான் நெஞ்சை நிமிர்த்தி, “நீங்கள் ரெண்டுபேரும் பேசாமல் இருங்கோ. தகப்பனும் தகப்பனும் நேரே கதைச்சு முடிக்கிற காரியம் இது” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர் மறுத்துவிட்டால், அந்த மறுப்பை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற வாய் என் மகளின் வாயாக இருக்கக்கூடாது.

கிறிஸ்மஸுக்கு அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கடற்கரைகளுக்குப் பதிலாக நான் அவர்களுக்கு நகரத்தைக் காட்டினேன். ஒரு நாள் ஒரு கிறிஸ்மஸ் சந்தை, மறுநாள் இன்னொன்று. மரக்குடில்கள், மெழுகுதிரி விற்கிறவர்கள், வறுத்த பாதாமின் மணம், சூடான வைன் கோப்பையைக் கையுறையோடு பிடித்துக்கொண்டு நிற்கிற சனம். சம்பந்தி ஒவ்வொரு இடத்திலும் முதலில் பஸ் நிறுத்தம் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் அலங்காரங்களைப் பார்த்தார். ரைன் கரையில் பெரிய இராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் மூவரும் பையனும் அதில் ஏறினார்கள். நானும் அவரும் கீழே நின்றுவிட்டோம். சாரதிகளுக்குச் சில்லு தரையில் ஓடினால்தான் நிம்மதி.

இதைவிட்டால் சந்தர்ப்பம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆற்றுக்காற்று முகத்தை அறுத்தது. நான் தொண்டையைச் செருமினேன். மேலே, ஒரே கூண்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த மகளையும் பையனையும் விரலால் காட்டினேன். பிறகு என் இரண்டு கைகளையும் மெதுவாக ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தேன். நடுக்கத்தில் அவற்றை ஒருமுறை உரசவும் செய்தேன் என்று நினைக்கிறேன். கண்களை அகல விரித்து, “குட்?” என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். பிறகு மிகத் தீர்மானமாக, “நே, நே” என்றார்.

தேத்தண்ணியை நாலுதரம் கேட்கலாம். மகளைக் கட்டச்சொல்லி இரண்டாம்தரம் கேட்க முடியாது. அவள் என்ன கோப்பியா, கையை விலக்கிவிட்டு முன்னால் வைக்க? அதுவரை அவர் சொன்ன மறுப்புகளையெல்லாம் மரியாதை என்று எடுத்துக்கொண்டவன், இந்த மறுப்பை மட்டும் மறுப்பாகவே எடுத்துக்கொண்டேன். இராட்டினத்திலிருந்து மகள் எனக்குக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அந்தக் கூண்டு கீழே வந்து சேர்வதற்குள், கனடாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, அங்கே அவளுக்கு வேறு வேலை எடுத்து, கோயிலில் சனம் கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யையும் தயாரித்து முடித்துவிட்டேன். பிறகு எல்லோரையும் அழைத்துக்கொண்டு வீடு திரும்ப ட்ராம் ஏறினேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் வாகனம் ஓட்டுகிறவன், விருந்தாளிகளை எதிர்த்திசைக்குப் போகிற ட்ராமில் ஏற்றியிருந்தேன். ஆற்றைக் கடந்து வெகுதூரம் போன பிறகு சம்பந்திதான் என் தோளைத் தட்டி, யன்னலைக் காட்டி, தலையை ஆட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் நான் வாய் திறக்கவில்லை. வழக்கமாக எங்கள் மேசையில் நான் ஒருவனே நாலு பேருக்குரிய சத்தம் போடுவேன். மகள் கேட்டாள்: “அம்மா, அப்பாக்குக் காய்ச்சலே? ஒரு அறுவைப் பகிடிகூட வரேல்லை.” மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, துடைக்கத் துணியைக் கையில் தந்தாள்.

“என்னப்பா, ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்? அந்த மனுசனுக்கு ஒரு கோப்பி வேணுமோ எண்டுகூடக் கேக்கேல்லை.”

“அந்தாள் மாட்டன் எண்டிட்டார்.”

“எதுக்கு? கோப்பிக்கோ?”

“கோப்பிக்கில்லை. பிள்ளைக்கு.”

அவள் கையிலிருந்த கோப்பையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டாள். “அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ பாப்பம்.”

“நே எண்டார். அதுவும் ரெண்டுதரம்.”

 என் மனைவி கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் வெளியே போகாமலிருக்க என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். “அவையின்ர பாஷையில நே எண்டால் ஓம் எல்லோ! அவற்ற மனுசிக்காரியோட ஒருநாள் சமைச்சாலே விளங்கியிருக்குமே. உப்புப் போதுமோ எண்டா நே எண்டுவா.”

“அப்ப ஓஹி?”

“அதுதான் இல்லை.”

“அப்ப அண்டைக்குக் கையை வைச்சு மறைச்சுக்கொண்டு ஓஹி ஓஹி எண்டது...”

“போதும் சாமி, விட்டுவிடு எண்டு கும்பிட்டிருக்கிறார். நீங்கள் பகிடிக்குச் செய்யிறியள் எண்டெல்லோ நானும் பேசாமல் இருந்தனான்! உங்களில எது பகிடி எது உண்மை எண்டு ஆருக்குத் தெரியும்?”

மற்ற நாள் காலை நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். காரணம் கேட்காமல் அவரும் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். கோப்பி வேண்டுமா என்றேன். “நே” என்றார். ஒன்று கொடுத்தேன். முடிந்ததும் வெறுங்கோப்பையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எவ்வளவு கஷ்டப்படுத்தினாலும் உபசாரம் பழகிவிடும் போலிருக்கிறது. அப்பா பேசி முடித்துவிட்டார் என்ற செய்தியை மனைவி மகளிடம் சொன்னாள். மகள் வந்து என் பக்கத்தில் இருந்து, நான் கேட்காமலேயே என் தட்டில் பாண் எடுத்து வைத்தாள். அடுத்த கோடையில் கல்யாணம். சம்பந்தி வேட்டிக்கு மேல் தன் தோல்பெல்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்டபத்து வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் எங்கே வாகனம் நிறுத்துவதென்று காட்டிக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு எத்தனையோ ஒக்டோபர்கள் அவருடைய வானில் போனோம். நான் பிறேக்கை மிதிப்பதை நிறுத்தவில்லை, அவர் சிரிப்பதையும் நிறுத்தவில்லை. இராட்டினத்தடிக் கதையை நான் எல்லா விருந்துகளிலும் சொன்னேன். சொல்லச்சொல்ல அதில் என் பதற்றம் பெருத்தது, அவருடைய சம்மதம் கம்பீரமானது. ஆற்றங்கரையில் நின்று, கிரேக்கத் தகப்பன் ஒருவர் தன் காயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு இரண்டுமுறை ஓம் சொன்ன காட்சி அது. அவர் பக்கத்திலிருந்தால், நான் கைகளைச் சேர்க்கிற கட்டத்தில் தானும் தலையாட்டுவார்.

அவர் போன வசந்தத்தில் இறந்துபோனார். இந்தக் கிறிஸ்மஸுக்குச் சம்பந்தியம்மாவைத் தனியே விடக்கூடாதென்று நாங்கள் எல்லோரும் அங்கே போனோம். குளிர்காலத்தில் அந்தக் கரைகளை நான் கண்டதில்லை. குடைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கோப்பிக்கடை பூட்டிக் கிடந்தது. சதுக்கத்தில் மரத்துக்குப் பதிலாக ஒரு சின்னப் படகை வைத்து மின்குமிழ்களால் அலங்கரித்திருந்தார்கள். மருமகன் வானை ஓட்டினான், தகப்பனைவிட மெதுவாக. கூழாங்கல் கரையில் நிறுத்தி, காற்றுப்படாமல் வானுக்குள்ளேயே இருந்து கடலைப் பார்த்தோம்.  சம்பந்தியம்மாவைச் சிரிக்கவைக்கலாம் என்று நான் இராட்டினத்தடிக் கதையைத் தொடங்கினேன். கைகளைச் சேர்த்துப் பிடித்தேன், “நே, நே” என்றேன்.

சம்பந்தியம்மா சிரித்தார். பிறகு கிரேக்கத்தில் நீளமாக ஏதோ சொன்னார். மருமகன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டான். மகள் இத்தனை வருடத்தில் அந்த மொழியை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, மாமி சொல்லுறா, மாமா ஊருக்குத் திரும்பி வந்து உங்களைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருந்தவராம். சம்பந்தி நல்ல மனுசன், இராட்டினத்தில நிக்கிற பிள்ளையளைக் காட்டி, கையைத் தேய்ச்சுக் காட்டி, மேலை குளிருமோ எண்டு கவலைப்பட்டவர் எண்டு.”

“அப்ப கல்யாணம்?”

மகள் கேட்டாள். சம்பந்தியம்மா தோள்களைக் குலுக்கிவிட்டு இரண்டு சொல் சொன்னார்.

“அதைப் பற்றி அவரிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையாம். ஒக்டோபரில நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கே தெருமுழுக்கச் சொல்லிப்போட்டாராம், மகனுக்குக் கல்யாணம் சரிவந்திட்டுது எண்டு.”

ஆற்றங்கரையில் நான் கேட்டது அவருக்கு விளங்கவேயில்லை. அவருக்கும் குளிர்ந்தது, அதனால் ஓம் என்றார்.